ஊரிடம் ஊர் கற்ற மின்சாரப் பாடம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

திருவிழாக் காலத்தில் சமய உரை கேட்க வந்திருக்கும் உங்களிடம் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், மண்டபக் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தலாமா என்னும் கேள்வி நம்மிடையே எழுந்துள்ளது. "அன்னதானத்திற்கும் திருப்பணிக்கும் வந்த பணத்தை இதில் முடக்குவதா?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். "மாதந்தோறும் கட்டணமாகக் கரைவதும் அதே உண்டியல் பணந்தானே?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. நமக்கு முன்னர் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்ட ஊர்கள் என்ன செய்தன என்பதை அறிந்துகொண்டால், நம் பேச்சு சச்சரவாக மாறாமல் ஆலோசனையாக நடைபெறும்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்திற்கு அருகே ஓடந்துறை என்றோர் ஊராட்சி உள்ளது. 1996 முதல் 2006 வரை திரு. ஆர். சண்முகம் அதன் தலைவராக இருந்தார். வீடுகளுக்குக் குடிநீரும் தெருக்களுக்கு விளக்கும் வந்தன. அவற்றோடு மின் கட்டணமும் பன்மடங்கு பெருகியது. நல்ல பணி செய்ததற்குத் தண்டனை போல வந்த அந்தக் கட்டணச் சீட்டிலிருந்துதான் அவ்வூரின் முயற்சி தொடங்கியது.

முதலில் சூரிய ஒளியில் எரியும் தெருவிளக்குகளை அமைத்தனர். அடுத்து, மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி நீர் இறைக்கும் எந்திரத்தை நிறுவினர். அதை இயக்கும் முறையைக் குஜராத்தின் பரோடா நகருக்குச் சென்று கற்று வந்தனர். அதனால் செலவு குறைந்தது உண்மையே. ஆனால் அவ்வகை எந்திரத்திற்கு நாள்தோறும் விறகு தேட வேண்டும்; விறகின் விலை ஏறினால் மிச்சமும் கரைந்துவிடும். ஆகவே, காற்றாலையைப் பற்றி எண்ணத் தலைப்பட்டனர்.

2006ஆம் ஆண்டு அந்த ஊராட்சி 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை ரூபாய் 1 கோடியே 55 இலட்சம். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. எஞ்சிய 1 கோடியே 15 இலட்சம் வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 75 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4 இலட்சத்து 50 ஆயிரம் யூனிட்டே. மிகுந்ததை மின்சார வாரியத்திற்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு கடனை அடைத்தனர்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று. காற்று நன்கு வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடியில் அதை நிறுவினர். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் வாரியத்தின் கம்பிகளில் சேர, ஊராட்சியின் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டது. நம் ஊரின் பெருமை நம் ஊரிலேயே சுழல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து ஓடந்துறையைக் கண்டு சென்றனர். வருகிறவர்கள் காற்றாலையைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 40 இலட்சம் சேர்வதற்குப் பின்னால் இருந்த வரவு செலவுப் புத்தகத்தை அல்லவா முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்! அரசுப் பணியில் கோப்புகளோடு உழல்பவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறது போலும்.

ஆலயங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுள்ளன. ஷெஃப்லர் என்னும் ஐரோப்பிய அறிஞர் வடிவமைத்த, கதிரவனை நோக்கித் திரும்பும் குழிந்த கண்ணாடித் தட்டுகளைக் கொண்டு நீராவி உண்டாக்கிச் சமைக்கும் முறையை, 1990களின் பிற்பகுதியில் ஆபு மலையில் உள்ள பிரம்ம குமாரிகள் இயக்கத்தினர் பெரிய அளவில் அமைத்தனர். 2002இல் திருமலையில் 106 தட்டுகளுடன், நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அது அமைந்தது. 2009இல் சீரடியில் 73 தட்டுகளுடன் அமைந்தது. திருமலையில் பழைய நீராவிக் கொதிகலன்களை அகற்றிவிடாமல், மழைக்காலத்திற்குத் துணையாக வைத்துக்கொண்டனர். பக்தர் பசியோடு காத்திருக்கையில் மேகத்தின் மீது பழி போட முடியாதல்லவா?

அவ்வாறாயின் நாமும் அதையே செய்யலாமே என்று தோன்றும். இங்குதான் நிதானம் வேண்டும். அந்தக் கண்ணாடித் தட்டுகளுக்குத் தடையின்றி நேராக விழும் வெயில் தேவை. ஜொகூர் வானமோ பெரும்பாலும் மேகம் சூழ்ந்தது. நமக்குக் கிடைக்கும் ஒளியில் பெரும் பங்கு சிதறி வருவது. சிதறிய ஒளியைக் குவிக்க இயலாது. ஆனால் மின்தகடுகள் அதைக் கொண்டும் ஓரளவு மின்சாரம் தரும். எனவே, திருமலையின் கருவி நமக்குப் பொருந்தாது. சமையற்கூடத்தின் தேவையை முதலில் அளந்து, பிறகு கருவியைத் தேர்ந்த முறை மட்டும் பொருந்தும்.

நம் நாட்டிலேயே சபா மாநிலத்தின் உட்புறக் கிராமங்களில் 'தோனிபுங்' என்னும் அமைப்பு, சிற்றாறுகளின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையங்களைக் கிராம மக்களோடு சேர்ந்து கட்டியுள்ளது. மணல் சுமப்பதும் குழாய் பதிப்பதும் கோத்தோங் ரோயோங் முறையில் நடந்தன. பழுது பார்க்கவும் அவ்வூர் இளைஞர்களே பயிற்சி பெற்றனர். ஆற்றில் நீர் குறைந்தால் விளக்கு அணையும் என்பதால், மேலேயுள்ள காட்டைக் காப்பதும் அவர்களுடைய வேலையாயிற்று. தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் இஞ்சின் கொட்டகையிலிருந்து வெளிச்சம் பெற்ற நம் முந்திய தலைமுறையினருக்கு, அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

மாசாய் மக்களாகிய நமக்கு இதில் வேறொரு காரணமும் உண்டு. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது, 111 பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகளை வீட்டினுள் வைத்துக் கதவடைத்த நாள்களை நாம் மறக்கவில்லை. அது மின்சாரத்தால் நேர்ந்ததன்று. எனினும், காற்றின் தூய்மை யாரோ எங்கோ கவனித்துக்கொள்ளும் காரியம் என்று இருந்துவிட முடியாது என்பதை நமக்கு உணர்த்தியது. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே பெறப்படுகிறது. நிலக்கரி எரிக்கும் தஞ்சோங் பின் மின்னிலையம் நம் மாநிலத்திலேயே உள்ளது.

இனி நம் மண்டபத்திற்கு வருவோம். தகடுகள் மின்சாரம் தருவது பகலில். நம் ஆலயத்தில் விளக்குகள் மிகுதியாக எரிவதும், திருமண விருந்துகளுக்குக் குளிர்சாதனம் ஓடுவதும் மாலையிலும் இரவிலும். பகலில் மிகும் மின்சாரத்தைத் தெனாகாவின் கம்பிக்கு அனுப்பினால் எவ்வளவு வரவு கிடைக்கும் என்பதைப் பொறுத்தே இலாபமும் நட்டமும் அமையும். 2016இல் தொடங்கிய நிகர அளவீட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 ஜூனுடன் முடிவுற்றது. 2026 ஜனவரி முதல் 'சோலார் அட்டாப்' என்னும் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. முன்னர் பொருத்தியவர் சொல்லும் இலாபக் கணக்கு, இன்று பொருத்துபவருக்கு அப்படியே பொருந்தாது. விற்பனையாளர் நீட்டும் தாளில் எந்தத் திட்டத்தின் விதி எழுதப்பட்டுள்ளது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, நிர்வாகத்தினருக்கு அடியேனின் விண்ணப்பம் இதுதான். முதலில் பழைய குழல் விளக்குகளை மாற்றுவோம். அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. கூரை பாரம் தாங்குமா என்று பொறியாளரைக் கொண்டு சோதிப்போம். தகடுகள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். மின்மாற்றுக் கருவியை இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரிடும். அச்செலவையும் இப்போதே கணக்கில் சேர்ப்போம். நம் வட்டாரத்தில் தகடு பொருத்தியுள்ளது பள்ளியாயினும், பள்ளிவாசலாயினும், சீனர் ஆலயமாயினும், நேரில் சென்று பொருத்துவதற்கு முன்னும் பின்னும் வந்த கட்டணச் சீட்டுகளைக் காட்டும்படி வேண்டுவோம். பூசைக்கும் அன்னதானத்திற்கும் உரிய நிதியைத் தொடாமல், இதற்கெனத் தனிக் கணக்குத் திறந்து, அதன் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பெரியவர்களின் ஐயத்திற்கு அதுவே மரியாதையான விடை.

அதற்கெல்லாம் முன்னதாக, ஒரு மாதத்திற்குக் காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் ஆலய மீட்டரின் அளவைக் குறித்து வைக்க ஆள் வேண்டும். விருப்பமுள்ள இளைஞர்கள், பூசை முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். குறிப்பேட்டை நான் வாங்கித் தருகிறேன்.