எப்போதிருந்து இப்படி?

(வானொலி மறையுரை. வாசகம்: மாற்கு 9:14-29)



மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தை தம் மகனை அழைத்து வருகிறார். சீடர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள், முடியவில்லை. சுற்றிலும் கூட்டம்; நடுவில் மறைநூல் அறிஞர்களின் விவாதம். ஆண்டவர் வருகிறார். பையன் அவர் கண் முன்பாகவே தரையில் விழுந்து புரள்கிறான். அவனைக் குணமாக்குவதற்கு முன்னால் ஆண்டவர் தந்தையின் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்கிறார்: எப்போதிருந்து இப்படி இருக்கிறான்? குறிப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கேட்பது போன்ற சாதாரணக் கேள்வி. இறைமகனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அந்தத் தந்தை தம் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சிறு வயதிலிருந்தே, என்கிறார்.

இந்தக் கேள்வி சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குத் தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, யாரென்று தெரியாதபடி அதைச் சொல்கிறோம்.

திருப்பலி முடிந்து உடுப்பறையில் இருந்தபோது ஒரு தாய் வந்து நின்றார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. கணவருக்குக் கோவையில் லேத் பட்டறை வேலை. ஒரே மகன், இஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு.

"சாமி, எங்கூட்டுப் பையன் ராவெல்லாம் தூங்கறதில்லீங்க. ரூமைச் சாத்திக்கிட்டு யாரோடயோ பேசறானுங்க. இங்கிலீசுல பேசறான், சிரிக்கறான், திடீர்னு கத்தறான். உள்ள போயிப் பாத்தா ஒருத்தரும் இல்லீங்க. ஒருக்கா வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு உட்டுருங்க சாமி."

உபதேசியாரோடு அன்று மாலையே போனோம். தீர்த்தம் தெளித்தோம், கம்ப்யூட்டர் மேல் படாமல் பார்த்துத்தான் தெளித்தோம். பையன் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஏழு அரியர் இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. அவனுக்குப் பேய் பிடித்திருக்கவில்லை. பாத்திரமேற்று ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஒன்று அவனைப் பிடித்திருந்தது. அவனோடு பேசியவர்கள் எல்லாரும் உயிரும் உடலும் உள்ள மனிதர்கள். வேறு நாடுகளில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்குக் கேம் என்றால் பப்ஜி, ஃப்ரீ ஃபயர். பப்ஜியை 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் மத்திய அரசு 118 செயலிகளுள் ஒன்றாகத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. 2022-இல் மறுபடி எடுத்தார்கள், 2023-இல் மறுபடி வந்தது. நமது பீடச்சிறுவர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்த ஆட்டத்தில் 100 பேர் ஒரு தீவில் இறங்குவார்கள், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். "இந்த ஒண்ணு மட்டும்" என்று பிள்ளை சொன்னால், அந்த ஒன்று முடியவாவது செய்யும்.

இந்த மற்ற வகை முடிவதே இல்லை. அது ஓர் உலகம். நீங்கள் தூங்கினாலும் அது நடந்துகொண்டிருக்கும். உள்ளே போகிறவன் தனக்கு ஒரு பெயர், ஓர் இனம், ஒரு தொழில் எல்லாம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான்: வாள் வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றும் வைத்தியன். மாதக்கணக்கில் உழைத்துத் தன் பாத்திரத்தைப் படிப்படியாக உயர்த்துகிறான். 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டுக்கு, ஆடியவர்களே ஒரு போதைப்பொருளின் பெயரை ஒட்டி, கேலியாக எவர்கிராக் என்று பெயர் வைத்தார்கள். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்கு 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதன் ஆரம்ப காலப் பெரிய போர்கள் சிலவற்றுக்கு 40 பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து வர வேண்டும். தாக்குகிறவர், அடி தாங்குகிறவர், காயம் ஆற்றுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. காயம் ஆற்றுகிறவன் பாதியில் சாப்பிட எழுந்து போனால் மொத்தக் குழுவும் விழும்.

நாம் அந்தப் பையனிடம் விளையாட்டைப் பற்றித் திட்டாமல், "உள்ளே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டோம். அவன் நம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "ஹீலர், ஃபாதர்" என்றான். பிறகு அரை மணி நேரம் பேசினான். தன் மகன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பல மாதமாகிறது என்று தாய் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் குழுவில் 25 பேர், பெரும்பாலோர் ஐரோப்பாவில். அங்கே இரவு எட்டு மணிக்குப் போர் என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. அது முடிந்து விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கிறவன் எட்டரை மணி வகுப்புக்கு எப்படிப் போவான்?

"நான் போகலைன்னா எல்லாரும் செத்துருவாங்க ஃபாதர்" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

அன்புக்குரியவர்களே, அந்த வாக்கியம் நம்மைப் பல நாள் தூங்கவிடவில்லை. இதே பையன் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நமது ஆலயத்தில் பீடச்சிறுவனாக இருந்தவன். தூபக்கலசம் பிடிப்பதில் கெட்டிக்காரன். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆலயம் மூடினோம்; திறந்தபோது அவன் வரவில்லை. அவன் வரவில்லை என்பதை நாம் கவனிக்கவே இல்லை. வேறு பிள்ளைகள் வந்தார்கள், தூபம் ஏறியது, திருப்பலி நடந்தது. அவன் இல்லாமல் நம்மிடம் ஒன்றும் நின்றுபோகவில்லை. அங்கே நின்றுபோகும்.

எப்போதிருந்து என்று ஆண்டவர் கேட்டால் அந்த வீட்டார் சொல்ல வேண்டிய பதிலும் அதே காலத்தில்தான் தொடங்குகிறது. ஆன்லைன் வகுப்புக்கென்று போன் வந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் பெற்றோர் வேலைக்கு ஓடினார்கள், ஓடத்தான் வேண்டியிருந்தது. நமது கொங்கு மண்டலத்தின் உழைப்பைப் பெருமையாகப் பேசுகிறோம், அது நியாயமான பெருமைதான். ஆனால் அதன் கணக்கை வீட்டுக்குள்ளிருந்து பாருங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் வெளியே வர இரவு எட்டாகும். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக் குடோன்களில் பன்னிரண்டு மணி நேரம். அப்பனும் ஆத்தாளும் வேறு வேறு ஷிப்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அமுச்சி வீடு பக்கத்தில் இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டால் பூட்டிய கதவு, மூடி வைத்த சோறு, ஒரு போன். அவனை எதிர்பார்த்துக்கொண்டு ஒருவர் இருக்கிற ஒரே இடம் அந்தத் திரை என்று ஆகிவிடுகிறது. பெற்றோரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் மாலை நேரத்தில் ஆலய வளாகத்தைப் பூட்டி வைத்த நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

உலக நல அமைப்பு தனது நோய்ப் பட்டியலில் இதைக் கேமிங் கோளாறு என்று சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது சொல்லும் அறிகுறிகள் மூன்று. நிறுத்த நினைத்தாலும் முடியாமை. மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலிடம் பிடிப்பது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்வது. இது பொதுவாக ஓராண்டு நீடித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே லீவில் நாலு நாள் விடிய விடிய ஆடியவனையெல்லாம் நோயாளி என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் அறிகுறி இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வெட்கப்படாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்கென்றே 2014-இல் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. தமிழகத்தில் 104 என்ற எண்ணிலும், நாடெங்கும் டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். குணமளிக்கும் வழிபாட்டுக்கு அழைத்து வாருங்கள், செபிக்கிறோம், டாக்டரிடமும் போங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் அல்ல.

இன்னொரு வேண்டுகோள். கோபத்தில் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அப்படிச் செய்த இரவிலேயே விபரீத முடிவெடுத்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் நாம் படித்திருக்கிறோம். நமக்கு அது ஒரு பொருள். அவனுக்கு அந்த நேரத்தில் அது அவன் ஊர், அவன் பெயர், அவன் நண்பர்கள்.

நண்பர்கள் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைகள் நலிந்துபோகும் நோய், சக்கர நாற்காலி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் இபெலின் என்ற பெயரில் பல ஆண்டுகள் ஆடினார். மகன் நட்பு என்றால் என்னவென்றே அறியாமல் போய்விட்டானே என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014-இல் 25 வயதில் அவர் இறந்த செய்தியைத் தந்தை அவரது இணையப் பக்கத்தில் எழுதியபோது, முகம் தெரியாத பலரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் பிற நாடுகளிலிருந்து அடக்கச் சடங்குக்கே வந்தார்கள். 2024-இல் ஆவணப்படமாகவும் வந்தது. நடக்க முடியாதவருக்கு நடக்க ஓர் உலகம் கிடைத்த கதை அது. நமது பையனுக்குக் கால்கள் நன்றாகவே இருந்தன. அதனால் இரண்டையும் ஒன்றாக்க மாட்டோம். ஆனால் அங்கே அன்பே கிடையாது என்று பீடத்தில் நின்று பேசுவதை அந்தக் கதை தெரிந்த நாளோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆறுதலான ஒரு பழைய செய்தியும் உண்டு. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றிச் சொல்கிறார். கார்த்தேஜ் நகரில் குதிரைப் பந்தயக் கேளிக்கைகளில் மூழ்கிக் கிடந்தவர் அலிப்பியுஸ். அகுஸ்தினார் வகுப்பில் தற்செயலாகச் சொன்ன ஒரு கேலி மனதில் தைத்து விட்டுவிட்டார். பிறகு சட்டம் படிக்க உரோமைக்குப் போனார். அங்கே நண்பர்கள் வற்புறுத்தி வாள்போர் அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. யாரோ ஒருவன் விழ, கூட்டம் ஆர்ப்பரிக்க, கண் திறந்துவிட்டது. அதன்பின் மற்றவர்களையும் இழுத்துப் போகிறவராக அவரே ஆனார். ஒருமுறை விட்டவர், மறுபடி விழுந்தவர், வெகுகாலம் கழித்து எழுந்தவர். பின்னாளில் தகாஸ்தே நகரின் ஆயர், இன்று புனிதர். பிள்ளை ஒருமுறை விட்டுவிட்டு மறுபடி விழும்போது "இவன் திருந்தவே மாட்டான்" என்று சொல்லும் பெற்றோர் இவரை நினைத்துக்கொள்ளட்டும்.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கேமுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே அளவு வைத்துக்கொண்டவர். மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை விரும்பிச் சொல்கிறார்கள். சொல்லுங்கள், ஆனால் அந்தப் புனிதரையே பிரம்பாக எடுத்துப் பிள்ளையை அடிக்காதீர்கள். அந்த அளவு அவராக வைத்துக்கொண்டது.

நமது பையன் மருத்துவரைப் பார்த்தான். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. குழுத் தலைவிக்குத் தானே எழுதினான்: அரியர் எழுத வேண்டும், மூன்று வாரத்தில் விலகுகிறேன், அதற்குள் வேறொருவருக்கு என் வேலையைச் சொல்லித் தருகிறேன். அவர் வேறொரு நாட்டில் நர்ஸ். முதலில் உடம்பைப் பார், தேர்வு முடித்துவிட்டு வந்து ஒரு வணக்கமாவது சொல் என்று பதில் எழுதியிருந்தார். விலகிய மறுவாரமும், தூங்குகிறாயா என்று விசாரித்திருந்தார். அதை நம்மிடம் காட்டினான். நமக்குத் தலை குனிந்தது. நமது பங்கைவிட்டு அவன் போனபோது ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

தந்தை வாரம் மூன்று நாள் ஓவர்டைம் விட்டுவிட்டார். பணம் இடிக்கிறது என்று தாய் சொன்னார், மறைக்கவில்லை. இரண்டு அரியர் தேறியிருக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மறுபடி உள்ளே போய்ப் பத்து நாள் விடிய விடிய ஆடினான். இந்த முறை தாய் தீர்த்தம் கேட்கவில்லை. "சாமி, ராத்திரி அவங்கூட உக்காந்து அந்தச் சண்டையப் பாத்தனுங்க. ஒண்ணும் புரியலீங்க. ஆனா எழுந்திரிச்சு வந்து சோறு உண்டானுங்க" என்றார்.

கொரோனாவுக்கு முந்திய பீடச்சிறுவர் பதிவேட்டை உபதேசியாரோடு உட்கார்ந்து எடுத்தோம். வராமல் நின்றவர்கள் 31 பேர். இதுவரை நான்கு வீடுகளுக்குப் போயிருக்கிறோம்.