தண்ணீர் எங்கே போகிறது?



1985-ஆம் ஆண்டு பினாங்குக்காரர்களுக்கு மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டுதான் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மகாதீர் புத்தம் புது சாகாவைத் தாமே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்த படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பாலத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் காரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

பழைய சாகா, வீரா, கஞ்சில் என்று இன்னும் நம் குடும்பங்களில் எத்தனையோ கார்கள் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. வேலைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அது ஒன்றுதான் வழி. அப்படிப்பட்ட காரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் என்ன செய்வது என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் மெக்கானிக் அல்ல, ஊடகத் துறையில் டிப்ளோமா படித்தவன். ஆனால் கேள்வி கேட்பது என் தொழில். இந்த விஷயத்தில் சரியான கேள்வியைக் கேட்டாலே பாதிப் பணம் மிச்சமாகும்.

அந்தக் கேள்வி இதுதான்: தண்ணீர் எங்கே போகிறது? நம்மில் பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை. காலையில் போனட்டைத் திறக்கிறோம், ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறோம், போய்விடுகிறோம். பட்டறைக்குப் போனாலும் "எதை மாற்ற வேண்டும்?" என்றுதான் கேட்கிறோம்.

என் மாமாவின் கதையைச் சொல்கிறேன். பட்டர்வொர்த் பக்கம் வீடு. அத்தைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகப் பாலத்தைக் கடந்து தீவுக்கு வர வேண்டும். வண்டி 1998-ஆம் ஆண்டு சாகா. 2019-இல் இரண்டு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வீட்டு வாசலில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. முதல் பட்டறையில் ரேடியேட்டரை மாற்றினார்கள். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. இரண்டாவது பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இஞ்சினைத் திறக்க வேண்டும்" என்று சொன்னபோது மாமா காரை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். விற்றால் அத்தையை எப்படிக் கூட்டிப் போவது?

மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு சீனப் பெரியவர். அவர் எதையும் கழற்றவில்லை. இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்றைப் பொருத்திக் காற்றை அடித்தார். முள் ஏறி நின்றது. கால் மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. அதாவது குழாய், ரேடியேட்டர், பம்பு எதிலும் ஓட்டை இல்லை. அப்படியானால் சோதனையில் சேராத பொருள் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: அவர் கையில் இருந்த மூடி! அதைத் தனியாக அந்தப் பம்பில் மாட்டிப் பார்த்தால், பாதி அழுத்தத்திலேயே காற்று சீறியது. முதல் பட்டறையில் புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியையே போட்டிருந்தார்கள். புது மூடியின் விலை இருபது வெள்ளிகூட இல்லை.

ஒரு மூடிக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். சமையலறையில் பிரஷர் குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தால், சூடான தண்ணீர் பக்கத்திலிருக்கும் பாட்டிலுக்குப் போய், அங்கிருந்து பொங்கிச் சாலையில் வழிந்துவிடும். வண்டி ஓடும்போது போவதால் வீட்டில் ஈரம் தெரியாது. இஞ்சின் ஆறும்போது பாட்டிலில் இருப்பதைத் திரும்ப உறிஞ்ச விடும் சின்ன வால்வும் அந்த மூடியில்தான் இருக்கிறது. வண்டி ஆறிய பிறகு மேல் ரப்பர் குழாய் சப்பிப் போய்க் கிடந்தால் அந்த வால்வைச் சந்தேகப்படலாம்.

எல்லாக் காரிலும் மூடிதான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. தேடும் முறையைத்தான் சொல்கிறேன். முதலில் பாட்டிலில் தண்ணீர் நிற்கும் அளவை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். இரவில் காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். காலையில் ஈரம் இருந்தால் பதற வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏர்கண்டிஷன் தண்ணீர் சொட்டாத கார் ஏது? அது நிறமில்லாமல், வாசனை இல்லாமல் இருக்கும். கூலண்ட் என்றால் பச்சை, சிவப்பு போன்ற நிறம் இருக்கும், விரலில் வழுவழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். வாயில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம்.

பிறகு கறையைத் தேடுங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ நிறமாகவோ உப்புப் பூத்தது போலத் தடம் இருக்கும். ரப்பர் குழாய் முனைகளில் கிளிப் இருக்கும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் வீடு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துவாரம். பம்பில் அந்தத் துவாரத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். உள்ளே சீல் தேய்ந்ததும் அது அழுது காட்டும். அதை அடைக்கக் கூடாது, பம்பை மாற்ற வேண்டும். சில கசிவு இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் தெரியும், சூடானதும் மூடிக்கொள்ளும். அதனால் விடியற்காலையில் ஒருமுறையும் ஓடி வந்த பிறகு ஒருமுறையும் பார்ப்பது நல்லது.

வெளியே எதுவும் அகப்படாவிட்டால்தான் ஹெட் கேஸ்கெட் பற்றிப் பேச வேண்டும். எக்சாஸ்டில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறுவது ஆகியவை அடையாளங்கள். அப்போதும் உடனே இஞ்சினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு உள்ளே கசிந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவுக்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேட்பதில் தவறே இல்லை.

அந்தக் காலத்தில் ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றுவார்கள், மிளகுத்தூளைக் கொட்டுவார்கள். ஒரு காலத்தில் மிளகுத் தோட்டங்களுக்குப் பெயர் போன தீவு நம்முடையது. அதற்காக இஞ்சினுக்கு ரசம் வைக்க வேண்டுமா? இன்று பாட்டிலில் விற்கும் அடைப்பு மருந்தும் வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேரத்தான். ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் அது சேர்த்து அடைத்துவிடலாம்.

"நம் நாட்டில் பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு? பச்சைத் தண்ணீர் போதும்" என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. பழைய சாகாவின் இஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். வெறும் குழாய்த் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் ஓடினால் உள்ளே துருவும் அரிப்பும் வரும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடிகள் ஓட்டையாகும். இன்று மிச்சம் பிடித்த சில வெள்ளி அங்கே போய்விடும்.

பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதோ துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவ் மேடு ஏறும்போதோ சூட்டு முள் ஏறினால், ஏர்கண்டிஷனை அடைத்துவிட்டு, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் நம்பாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சூட்டை அளக்கும் கருவி தண்ணீரைத் தொடாமல் நின்று பொய்க் கணக்குச் சொல்லும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டுத் திறக்கலாம் என்று நினைத்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் உண்டு. மேல் குழாயைக் கையால் அமுக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் தலைப்பாகம் விரிசல் விடும். அதன் பிறகு எந்தச் சோதனையும் தேவைப்படாது.

பழுது பார்த்துப் புதிதாகக் கூலண்ட் ஊற்றிய பிறகு, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, பாட்டிலில் நீங்கள் போட்ட கோட்டை மறுபடியும் பாருங்கள்.

இன்னொன்று, வீட்டில் நீங்களே வடித்தால் பழைய கூலண்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், வாளியில் திறந்தும் வைக்காதீர்கள். அதன் இனிப்புக்குப் பூனையும் நாயும் வந்து நக்கும், சிறு பிள்ளைகளும் எடுத்துக் குடித்துவிடுவார்கள். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுவிடும். மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.