இரு குரல்கள் சந்திக்கும் இடம்



இலக்கியத் தொடரொன்றில் ஒலிப்பதிவு நுட்பத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அச்சில் வரும் கதைக்குப் பந்தி பிரிப்பு எப்படியோ, வானொலி நாடகத்துக்கு ஒலி மாற்றம் அப்படி. கடலோசை தேய்ந்து சந்தை இரைச்சல் எழும்போதுதான் நாம் கரையிலிருந்து ஊருக்குள் வருகிறோம். ஒன்று தேயத் தேய மற்றொன்று வளரும் இந்த முறையைக் கலையகங்களில் ‘குறொஸ்பேட்’ என்பார்கள். ஒலிக் கைமாற்றம் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

ஒலிநாடாக் காலத்தில் இதற்குச் சவர அலகே கருவி. நாடாவை நேர்குறுக்காக வெட்டி ஒட்டினால் இணைப்பில் ‘டிக்’ என்று கேட்கும். 45 பாகை சரித்து வெட்டினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். நாடாவின் அகலம் 6.35 மில்லிமீற்றர். முழு அகலத்திலும் பதிந்த நாடா செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும்போது, சரிந்த வெட்டு ஒலித்தலையைக் கடக்க ஏறத்தாழ 17 மில்லி செக்கன் எடுக்கும். அந்தச் சிறு பொழுதுக்குள் பழைய ஒலி இறங்க, புதிய ஒலி ஏறும். 1966ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் பீற்றில்ஸ் குழுவினரின் ‘ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபொரெவர்’ பாடலுக்காக, வேகத்திலும் சுருதியிலும் வேறுபட்ட இரண்டு பதிவுகளை ஒட்டியதும் இவ்வாறு நாடாவை வெட்டித்தான்.

இன்று அலகுக்குப் பதிலாகக் கணினி வந்துவிட்டது. ஒரு ஒலியை நேர்கோட்டில் இறக்கி, மற்றதை நேர்கோட்டில் ஏற்றினால் வேலை முடிந்தது என்றே எவரும் முதலில் நினைப்பார்கள். கமக்காரர் ஒரு வாய்க்காலின் மடையை மெல்ல அடைத்துக்கொண்டு மற்றதைத் திறப்பதைப் போல. தண்ணீருக்கு இந்தக் கணக்குச் சரி. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுமை. ஆனால் கடலோசைக்கும் சந்தை இரைச்சலுக்கும் இது பொருந்தாது. நடுவில் ஒலி சற்றே பள்ளத்தில் விழுந்து எழும்பும்.

காரணம் இதுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகளின் அலைகள் மேடும் மேடுமாகப் பொருந்துவதில்லை. ஆகவே அங்கே அலைகளின் உயரங்கள் நேராகக் கூடாது. அவற்றின் வலுவே கூடும். வலு என்பது உயரத்தின் வர்க்கம். இரண்டும் பாதி உயரத்தில் நிற்கும் நடுக்கணத்தில் ஒவ்வொன்றின் வலுவும் காற்பங்கு. இரண்டும் சேர்ந்தால் அரைப்பங்கே. இதுவே 3 டெசிபல் பள்ளம்.

பரிகாரமும் அதே கணக்கில் இருக்கிறது. நடுக்கணத்தில் ஒவ்வொன்றையும் 0.5இல் அல்லாமல் 0.707இல் நிறுத்தவேண்டும். அதன் வர்க்கம் அரை. அரையும் அரையும் ஒன்று. இதற்கு நேர்கோடு உதவாது, வளைகோடு வேண்டும். சைன் வர்க்கத்தையும் கோசைன் வர்க்கத்தையும் கூட்டினால் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் மனனஞ்செய்தோமே, அந்த வளைகோடுகள்தான்.

அப்படியானால் எங்கும் வளைகோட்டையே பயன்படுத்தலாமா? கூடாது. அண்மையில், காலஞ்சென்ற முதியவர் ஒருவரின் கவிதை வாசிப்பு என்னிடம் இரண்டு கசற்றுகளில் வந்தது. ஒரே வாசிப்பின் இரு பிரதிகள். ஒன்றில் முற்பகுதி தெளிவு, மற்றதில் பிற்பகுதி தெளிவு. இங்கே இரண்டு பக்கமும் ஒரே குரல், ஒரே அலை. மேடும் மேடும் பொருந்துவதால் உயரங்கள் நேராகவே கூடும். 0.707உம் 0.707உம் சேர்ந்து 1.414 ஆகி, குரல் 3 டெசிபல் வீங்கும். ஒரே ஒலி தன்னையே சந்திக்கும்போது வாய்க்கால் கணக்குத்தான் சரி, நேர்கோடே போதும். ஆனால் இரண்டு பிரதிகளும் அச்சொட்டாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவேண்டும். ஒரு மில்லி செக்கன் விலகினாலே, 500 ஹேர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். இரண்டு கசற்றுகள் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் நீண்ட கைமாற்றம் இங்கே ஆபத்து.

ஆகவே சொல்லின் நடுவே பொருத்தாமல், இரு வரிகளுக்கிடையேயுள்ள மௌனத்தைத் தெரிந்தெடுத்தேன். அங்கே குரல் இல்லை. ஒவ்வொரு கசற்றின் சொந்த இரைச்சல் மட்டுமே. அவை தொடர்பற்ற ஒலிகள். எனவே அவ்விடத்துக்கு மீண்டும் வளைகோடு! மௌனத்தின் நீளத்தை மட்டும் நான் இம்மியும் மாற்றவில்லை. முடிந்த பிரதியைக் கேட்ட அவருடைய மகள், “அந்த இடத்திலை அப்பா கொஞ்சம் நிண்டுதான் வாசிக்கிறவர்” என்றார். இணைப்பு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

இதில் பெரிய பொறுப்பு ஒன்றுண்டு. ஒலியில் விழும் சிறு பள்ளத்தைக் கேட்பவர் இயந்திரக் கோளாறு என்று எண்ணமாட்டார். வாசித்தவர் தயங்கினார் என்றே எண்ணுவார். வீக்கம் விழுந்தால் அழுத்திச் சொன்னார் என்று நினைப்பார். மறைந்தவர் மீண்டும் வந்து, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று திருத்த முடியாது.

உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் பழைய கசற்றுகள் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றுவோர், மூலப் பிரதியைத் தொடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பொருத்துமிடத்தில் வேறுபட்ட ஒலிகளுக்கு வளைகோட்டையும் ஒரே ஒலிக்கு நேர்கோட்டையும் பயன்படுத்துங்கள். பிறகு திரையைப் பாராமல், கண்ணை மூடிக் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லவேண்டியது காதுதான்.