கல் மூங்கிலை அடையாளம் தெரிஞ்சுக்குவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவள். வீடு, மாடு, கொல்லை இதுதான் என் வேலை. அதனால, நம்ம கொல்லை வரப்பில் நிக்கிற மூங்கிலைப் பத்தியே பேசறேன்.

நம்ம பக்கம் அதிகமா பாக்கறது ரெண்டு மூங்கில். ஒண்ணு முள் மூங்கில். கணுவில் வளைஞ்ச முள் இருக்கும், அடியில் கை விட முடியாது. கழி பெருசு, உள்ளே குழல். பிளக்க லேசு, தட்டி, கூடை, முறம் பின்னலாம்.

இன்னொண்ணு கல் மூங்கில். ஜவ்வாது மலைக் காட்டிலும் இது உண்டு. முள் கிடையாது. கழி ஒரு அங்குலத்தில் இருந்து மூணு அங்குலம் வரை பருமன் இருக்கும். வெட்டிப் பாத்தா உள்ளே ஓட்டை ரொம்பச் சின்னது. வறண்ட இடத்தில் வளர்ந்தா ஓட்டையே இருக்காது. அதனாலதான் கல்லுன்னு பேர். போலீஸ்காரங்க லத்தி, மண்வெட்டிப் பிடி, புளி உலுக்கும் தொரட்டிக் கழி, ஆட்டுக் கொட்டகை, தக்காளிக்கு ஊன்றுகோல் எல்லாத்துக்கும் இது ஆகும். கிரிவலப் பாதையில் தீபத்துக்குக் கடை போடுறவங்களும் கழி தேடுவாங்க.

அடுத்தது வயசு. மூங்கில் மரம் இல்லை, புல் வகை. முளைக்கும்போது என்ன பருமனோ, கடைசி வரை அதுதான். வருஷம் ஆனா பருக்காது, முத்தும். அதனால பருமனைப் பாத்து முத்தினதுன்னு நினைக்கக் கூடாது. இந்த வருஷக் கழி பச்சைப் பசேல்னு இருக்கும். மேலே வெள்ளை மாவு படிஞ்சிருக்கும், கணுவில் செதில் உறை ஒட்டியிருக்கும். மூணு வருஷம் தாண்டினது நிறம் மங்கி, உறை உதிர்ந்து, தட்டினா கணீர்னு கேக்கும். அதைத்தான் வெட்டணும்.

எங்க குழுவில் ஒரு அக்கா, மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு அவசரத்தில், குத்தையே ஒரு வியாபாரிக்கு மொத்தமா விலை பேசிக் கொடுத்துட்டாங்க. இளசு, முத்தல் பாக்காம அடியோட வெட்டிட்டுப் போயிட்டார். இப்ப அதில் விரல் தடிமனுக்குத்தான் கழி வருது. நம்ம குழுக் கணக்கில் சொன்னா, இளங்கழி முதல், முத்தின கழி வட்டி. வட்டியை எடுத்தா வருஷா வருஷம் வரும். முதலையும் சேத்து எடுத்தா அதோட சரி.

வெட்டும்போது தரையில் இருந்து ஒரு ஜாண் விட்டு, கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்க. அப்பத்தான் தண்ணி தேங்கி அடி அழுகாது. மழைக்காலத்தில் முளை வரும். அப்போ அருவா வைக்க வேண்டாம். வெட்டின கழியை ரெண்டு மூணு வாரம் தண்ணியில் ஊறப்போட்டு, நிழலில் காய வெச்சா சீக்கிரம் உளுக்காது. கழிக்குள்ளே இருக்கும் மாவுச்சத்துதான் வண்டுக்குத் தீனி. ஊறினா அது குறையும்.

பல வருஷத்துக்கு ஒரு தடவை குத்து முழுக்கப் பூக்கும். பூத்து விதை விட்டதும் பட்டுப்போகும். யாரோ செய்வினை வெச்சதா பயப்பட வேண்டாம், அதோட இயல்பு அது. அந்த விதைதான் மூங்கில் அரிசி. கொஞ்சம் சமைக்கலாம், கொஞ்சம் நாத்து விடலாம். பட்டுப்போன கழியையும் மக்க விடாம வெட்டிடுங்க.

மலையில் இருக்கும் நம்ம சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2006 வன உரிமைச் சட்டத்தில் மூங்கில் சிறு வனப் பொருளாத்தான் சேர்ந்திருக்கு. உங்க கிராம சபையில் அந்த உரிமையைக் கேளுங்க.

வீட்டுக்குப் போனதும் அவங்கவங்க குத்தில் முத்தின கழி எத்தனைன்னு எண்ணி, குழு நோட்டில் எழுதி வையுங்க. விக்கும்போது கழிக்கு இவ்வளவுன்னு பேசுங்க. வெட்டும் நாள் நாமளும் பக்கத்தில் நிப்போம்.