மானியமும் நிலத்தின் விலையும்



உழவர்களுக்கு அரசாங்கம் மானியம் வழங்குகிறது. அது உரமாக வரலாம். விற்ற நெல்லின் எடைக்கேற்பப் பணமாகவும் வரலாம். அந்த மானியம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது? உழுகிறவரிடமா, நிலத்துக்கு உரியவரிடமா?

கெடாவிலும் பெர்லிசிலும் பரந்து கிடக்கும் மூடா வயல்வெளி நமது நாட்டின் நெற்களஞ்சியம். 1970-இல் மூடா, பெடு அணைகளின் நீர் பாயத் தொடங்கியபின் அங்கே ஆண்டுக்கு இரு போகம் விளையலாயிற்று. 1979-இல் உர மானியமும், 1980-இல் நெல் விலை மானியமும் வந்தன. அங்கே சொந்த நிலத்தில் பயிரிடுவோரும் உண்டு. குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோரும் உண்டு.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் வயலில், செலவு போக ஒரு போகத்துக்கு 500 வெள்ளி மிஞ்சுகிறது. குத்தகை 200 வெள்ளி. உழைத்தவருக்கு 300 வெள்ளி. இப்போது மானியமாக 100 வெள்ளி வருகிறது. முதல் போகத்தில் அது முழுவதும் குத்தகைக்காரருக்கே. ஆனால், அடுத்த போகத்தில் வேறொருவர் வந்து, "நான் 250 வெள்ளி தருகிறேன்" என்கிறார். இன்னொருவர் 280 வெள்ளிக்கு ஒப்புக்கொள்கிறார். அவருக்கும் 320 வெள்ளி மிஞ்சுகிறதல்லவா? நிலம் கூடவில்லை, நிலம் கேட்பவர்களே கூடினார்கள். ஆகவே 100 வெள்ளி மானியத்தில் 80 வெள்ளி நிலக்காரரிடம் போய்விட்டது.

குத்தகை ஏறினால் நிலத்தின் விலையும் ஏறும். இரு போகத்துக்கு 160 வெள்ளி கூடுதல் வருமானம். நூற்றுக்கு 5 வெள்ளி கிடைத்தால் போதும் என்று எண்ணுபவர், அதற்காக ஏக்கருக்கு 3,200 வெள்ளி அதிகம் கொடுக்க முன்வருவார். தானிய விலை உயர்வின் பலன் குத்தகையாக நிலக்காரரைச் சேரும் என்பதை ஆங்கிலப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இலேயே விளக்கியிருக்கிறார்.

மானியம் நின்றுபோனால் என்ன நடக்கும்? நியூசிலாந்து அரசாங்கம் 1984 முதல் விவசாய மானியங்களில் பெரும்பாலானவற்றை நீக்கியது. நில விலை சரிந்தது. மானியம் என்றும் வரும் என்று நம்பி, கடன்பட்டு, உயர்ந்த விலைக்கு நிலம் வாங்கியவர்களே மிகவும் துன்புற்றார்கள். முன்னரே விற்றுவிட்டவர்களுக்கு நட்டமில்லை.

அப்படியானால் மானியமே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. சொந்த நிலத்தை உழும் சிறு விவசாயிக்கு அது முழுமையாகப் பயன்படுகிறது. குத்தகைக்காரருக்கும் பயன்பட வேண்டுமானால் குத்தகைக்கு ஒரு வரம்பு வேண்டும். இதற்காகவே 1967-இல் நெல் பயிரிடுவோருக்கான குத்தகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நமது நாட்டில் இயற்றப்பட்டது. ஆனால், வாய்ப்பேச்சில் முடிக்கும் குத்தகைக்கு எந்தச் சட்டமும் எளிதில் துணைவர முடியாது. உடன்பாடு எழுத்தில் இருப்பதே பாதுகாப்பு.

பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்க எண்ணும் நேயர்கள் இரண்டு கணக்குப் போட வேண்டும். மானியத்துடன் அந்த நிலம் எவ்வளவு தரும் என்பது ஒன்று. மானியம் இல்லாமல் எவ்வளவு தரும் என்பது மற்றொன்று. இரண்டாவது கணக்கிலும் கடன் தவணையைக் கட்ட முடியுமானால், துணிந்து வாங்கலாம்.