தேள் கொட்டுனாலும் அது வேலை விபத்துதான்!
(ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம விருதுநகர் மாவட்டத்திலே மழை பெய்தால் காட்டுவேலை. பொய்த்தால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு வேலை. ரெண்டுக்கும் போறது ஒரே கைதான். பட்டாசு ஆலை வெடித்தால் அதிகாரிகள் ஓடி வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் மக்காச்சோளத் தட்டை அள்ளும்போது தேள் கொட்டியோ, பனையிலே கதண்டு கொட்டியோ ஒருத்தர் செத்தால் 'விதி'ன்னு சொல்லி முடிச்சிடுறாங்க. விதி இல்லை ஐயா, வேலை செய்த இடத்திலே வந்த விபத்து!

செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும். கொட்டுன இடத்து வலியைவிட, வேர்த்து ஊத்துறது, வாந்தி, கை கால் ஜில்லிடுறது, மூச்சு வாங்குறது, இதுதான் ஆபத்து. ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் 'பிரசோசின்' மாத்திரை இதற்குக் கேட்கும் என்று 1980-களிலேயே காட்டினார் மகாராஷ்டிர மாநிலம் மகாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். விலை குறைந்த மாத்திரைதான். நேரத்தோடு கிடைத்தால் உயிர் தப்பும். மந்திரிச்சு, கயிறு கட்டி, கீறிவிட்டு நேரத்தைப் போக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. குளவி, தேனீ கூட்டமாகக் கொட்டினாலும், ஒண்ணே ஒண்ணு கொட்டி முகம் வீங்கி மூச்சு திணறினாலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியிலே 'காட்டுவேலையில் கொட்டியது' என்று எழுதச் சொல்லுங்க. சீட்டைப் பத்திரமா வையுங்க. உயிர் போனால் போலீசில் பதியாமல், பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் பண்ணிடாதீங்க. 2011-இல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலே ரெண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்கு உட்பட்ட விவசாயிக்கும், விவசாயக் கூலிக்கும் விபத்து நிவாரணம் உண்டு. காகிதம் இல்லாதவன் கையிலே காசு வராது.

பாம்புக்கடியை 2024 நவம்பரில் தமிழக அரசு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கணக்கு இருந்தால்தான் மருந்து வரும். தேளுக்கும் குளவிக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

அரசே!
1. ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும் பிரசோசின் மாத்திரையும் அட்ரினலின் ஊசியும் எந்நேரமும் இருப்பு வை!
2. தேள், குளவி, தேனீ கொட்டியவர்களையும் பாம்புக்கடி போலவே கணக்கெடு!
3. காட்டுவேலையில் கொட்டி இறந்தவர் குடும்பத்தை அலைக்கழிக்காமல் விபத்து நிவாரணம் வழங்கு!

மனு கொடுக்கும் நாளில் ஊருக்கு ஊர் திரண்டு வாரீர்! கேட்டால்தான் கிடைக்கும், சேர்ந்து கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்!