இரண்டாவது லென்ஸ் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிலிம் காமிராவின் காலம் முடிந்துவிட்டதென்றே நம்மிற் பலர் எண்ணியிருந்தோம். ஆயினும், நம் காலனியில் இளைஞர் சிலர் அதனை மீண்டும் கையில் எடுத்திருக்கின்றனர். அவர்களுள் ஹாசல்பிளாட் போன்ற பெரிய சதுரப்படக் காமிராவைப் பழைய விலைக்கு வாங்கியோரும் உளர். "80 மி.மீ. லென்ஸ் காமிராவுடனேயே வந்தது. அடுத்து எதை வாங்கலாம்?" என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பயணம் என்று எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு இது சிறு கேள்வியன்று. தவறான லென்ஸ் அலமாரியில் உறங்கும்; சரியான லென்ஸ் ஒரு குடும்பத்தின் நினைவைக் காக்கும்.

முதலில் இக்காமிராவின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் நிறுவனம் 500சி என்னும் காமிராவை 1957ஆம் ஆண்டு வெளியிட்டது. 120 வகைப் பிலிம் ஒரு சுருளில் 12 படங்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மி.மீ. சதுரம். ஷட்டர் காமிராவின் உடலில் இல்லை. ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனித்தனியே உள்ளது. அதனால் 1/500 விநாடி வரை எவ்வேகத்திலும் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு லென்ஸ் வாங்குவோர் கண்ணாடியோடு ஒரு கடிகாரத்தையும் வாங்குகின்றனர் என்பதை மறத்தல் கூடாது.

இனி, லென்ஸ்கள் செய்யும் வேலையைக் கணக்காகவே பார்ப்போம். 3 மீட்டர் தொலைவிலிருந்து படம் எடுப்பதாகக் கொள்வோம். 80 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்தைக் காட்டும். 60 மி.மீ. லென்ஸ் 2.7 மீட்டரும், 50 மி.மீ. லென்ஸ் 3.3 மீட்டரும் காட்டும். 150 மி.மீ. லென்ஸோ சற்றேறக்குறைய 1 மீட்டரே காட்டும். நம் குடியிருப்புகளின் கூடங்களில் 3 மீட்டருக்கு மேல் பின்வாங்க இடம் இருப்பதில்லை. ஆதலால் இக்கணக்கு நமக்கு மிகவும் பொருந்தும்.

ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். முகத்தின் மூக்கும் காதும் என்ன அளவில் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று. நாம் நிற்கும் தொலைவே. 80 மி.மீ. லென்ஸால் ஒரு முகத்தைப் படம் நிறையக் காட்ட விரும்பினால் மிக அருகே செல்ல நேரும். மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். 150 மி.மீ. லென்ஸ் நம்மை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வைத்து, தலையும் தோளும் நிறைந்த படத்தைத் தருகிறது. அமர்ந்திருப்பவருக்கும் கூச்சம் குறைகிறது.

"தள்ளி நின்று 80 மி.மீ. லென்ஸிலேயே எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாமே" என்பர் சிலர். படத்தின் அகலத்திற் பாதியை மட்டும் எடுத்தால் 28 மி.மீ. சதுரமே எஞ்சும். அது சாதாரண 35 மி.மீ. காமிராவின் ஒரு படத்தைவிடச் சிறிய பரப்பு. பெரிய பிலிமுக்குச் செலவிட்ட பணம் அங்கே வீணாகிறது.

அவ்வாறாயின் தேர்வு எங்ஙனம்? கடைக்காரரைக் கேட்குமுன் உங்கள் நெகடிவ்களைக் கேளுங்கள். பத்துச் சுருள்களின் 120 படங்களையும் மேசைமேல் பரப்புங்கள். பெரிதாக்கும்போது ஓரங்களை வெட்டிய படங்கள் மிகுதியா? 150 மி.மீ. வேண்டும். கொலுப் படிகளின் ஒரு பக்கமோ, பந்தியில் அமர்ந்தோருள் இருவரோ விடுபட்ட படங்கள் மிகுதியா? 60 அல்லது 50 மி.மீ. வேண்டும். இவ்விரண்டுள் 50 மி.மீ. லென்ஸ் ஓரத்தில் நிற்போரின் முகங்களை அகலமாக இழுத்துவிடும். குடும்பக் குழுப்படங்களுக்கு 60 மி.மீ. தக்கது. இரு குறையும் இல்லையெனில் எதையும் வாங்க வேண்டா; அப்பணத்திற்குப் பிலிம் வாங்குக. 1969ஆம் ஆண்டு அப்பல்லோ 11 வீரர்கள் நிலவின் தரையில் கையாண்ட ஹாசல்பிளாட் காமிராவில் இருந்தது 60 மி.மீ. லென்ஸ் ஒன்றே.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நான் முதலிற் பரிந்துரைப்பது 150 மி.மீ. லென்ஸே. தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்குவது ஆண்டிற் சில வாரங்கள். கூட்டத்தின் படங்கள் கைப்பேசியில் ஆயிரம் உண்டு. அம்முதிய முகத்தின் சுருக்கங்களும் பார்வையும் நிலைத்து நிற்கும் படம் எத்தனை வீடுகளில் உண்டு?

பழைய லென்ஸ் வாங்குவோர்க்குச் சில எச்சரிக்கைகள். ஒரு விநாடி வேகத்தில் ஷட்டரை இயக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். எண்ணெய் உலர்ந்த ஷட்டர் இழுத்து இழுத்து ஓடும், சில வேளை நின்றுவிடும். கண்ணாடி வழியே டார்ச் ஒளியைச் செலுத்திப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூசணம். காமிராவும் லென்ஸும் விசை முடுக்கிய நிலையில் இருக்கும்போது மட்டுமே பூட்டவும் கழற்றவும் வேண்டும்; இல்லையேல் சிக்கிக்கொள்ளும். வாங்கிய பின் தோலுறையில் மூடி வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். மழைக்காலத்திலும் அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இளைஞர்களே! இவ்விரண்டாவது லென்ஸ் எந்த எண்ணுடையதாயினும் ஆகுக. அடுத்த ஆண்டு விழாவில் இம்மண்டபச் சுவரில், நம் காலனியின் மூத்தோர் ஒவ்வொருவரின் முகமும் பெரிய படமாகத் தொங்க வேண்டும். அதற்கு வேண்டிய சுருள்கள் மிகச் சிலவே. பொறுமைதான் மிகுதியாக வேண்டும்.